மூன்றாண்டுப் படிப்பு, ஐந்தாண்டு விடை

காதுக்குப் பின்னால், மூளைத்தண்டை ஒட்டி, சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி. "தலையைத் திறக்க வேண்டாம், கதிரை வைத்தே முடித்துவிடலாம், காலையில் வந்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம்" என்கிறார் டாக்டர். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதித் திண்ணையில் உட்கார்ந்து இதைக் கேட்கும் பாட்டி சும்மா இருக்க மாட்டார். "கட்டியைக் கொல்லுகிற கதிர், கட்டிக்குப் போகிற வழியில் இருக்கிற நல்ல மூளையை மட்டும் விட்டுவைக்குமா?" என்று கேட்பார்.

கேள்வி சரியான கேள்வி. ஒரே ஒரு திசையிலிருந்து கதிரை அனுப்பினால் பாட்டி பயப்படுவதுதான் நடக்கும். காமா கதிரோ எக்ஸ் கதிரோ உடம்புக்குள் நுழைந்ததும், தோலுக்குச் சற்றே கீழே, அதன் வீரியம் உச்சத்தில் இருக்கும். ஆழம் போகப்போகக் குறையும். நடுவில் இருக்கும் கட்டியைவிட மேலே இருக்கும் நல்ல மூளைக்குத்தான் அடி அதிகம் விழும்.

விடையும் ஸ்ரீரங்கத்திலேயே இருக்கிறது. வைகுண்ட ஏகாதசியன்று தெற்கே ராஜகோபுரம் வழியாகச் சிலர் வருகிறார்கள், கிழக்கே வெள்ளைக் கோபுரம் வழியாகச் சிலர், வடக்கே தாயார் சன்னதிப் பக்கமாகச் சிலர். ஒரு சின்னச் சந்தில் நின்று பார்த்தால் நாலைந்து பேர்தான் கடந்து போவார்கள். பூக்காரியின் கூடைகூட நகராது. எல்லாச் சந்துகளும் போய்ச் சேரும் சொர்க்கவாசலில் மட்டும் கால் வைக்க இடமிருக்காது. டாக்டர் சொல்லும் சிகிச்சையும், அதாவது கதிர் அறுவையும், இதே கணக்குதான். இதற்கான கருவிகளில் ஒன்று காமா கத்தி; இன்றைய காமா கத்தியில் 192 கோபால்ட் மூலங்கள் தலையைச் சுற்றி அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் வருவது மெல்லிய கற்றை. தனித்தனியாக எந்தக் கற்றையும் மூளையைப் பெரிதாகப் பாதிக்காது. 192 கற்றைகளும் சந்திக்கும் அந்த ஒரு புள்ளியில் மட்டும் அத்தனை கதிரும் கூடிவிடும்.

உவமை ஓர் இடத்தில் உதைக்கும். சொர்க்கவாசலுக்கு வந்த கூட்டம் அங்கே நெரிபட்டு நிற்கும். கதிர் நிற்காது, கட்டியைக் கடந்து மறுபக்கம் வெளியேறிவிடும். அதனால் கட்டியைச் சுற்றியும் ஓரளவு கதிர் விழத்தான் செய்யும். சம அளவு கதிர் விழும் இடங்களை ஒரு கோட்டால் இணைத்தால், மையத்தைச் சுற்றிப் பிராகாரம் பிராகாரமாக வளையங்கள் கிடைக்கும். இவற்றைச் சம அளவுக் கோடுகள் என்று சொல்லலாம். காமா கத்தியில் பொதுவாக 50 சதவீதக் கோடு கட்டியின் விளிம்பில் வந்து உட்காரும்படி திட்டமிடுவார்கள். விளிம்புக்கு 12 கிரே என்றால் மையத்துக்கு 24. இந்த ஏற்றத்தாழ்வு குறை அல்ல, வேண்டுமென்றே வைப்பது. அந்த 50 சதவீதத்துக்கு அருகில்தான் கதிரளவு மிகச் செங்குத்தாகச் சரிகிறது. கட்டியைத் தாண்டி ஓரிரு மில்லிமீட்டர் போனால் பாதிப்பு சட்டென்று இறங்கிவிடும்.

கிரே என்பது கதிரளவின் அலகு: ஒரு கிலோ திசு ஒரு ஜூல் ஆற்றலை வாங்கிக்கொண்டால் ஒரு கிரே. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 12 கிரே விழுந்த திசுவின் வெப்பநிலை ஏறுவது ஒரு டிகிரியின் ஆயிரத்தில் மூன்று பங்குதான். வெயிலில் இரண்டடி நடந்தால் ஏறும் சூடுகூட இல்லை. ஆனால் உடம்பு முழுக்க நான்கைந்து கிரே விழுந்தால், சிகிச்சை இல்லாதவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பிழைப்பதில்லை. ஆகவே கதிர் அறுவை எரிப்பதும் இல்லை, பொசுக்குவதும் இல்லை. அந்தச் சிறு ஆற்றல் உயிரணுவின் டி.என்.ஏ. இழைகள் இரண்டையும் ஒருசேரத் துண்டிக்கிறது. உயிரணு உடனே சாகாது. அடுத்து இரண்டாகப் பிரிய முயலும்போதுதான் மாட்டிக்கொள்ளும். மெதுவாக வளரும் கட்டியில் இது நடந்து முடிய மாதங்களும் வருடங்களும் ஆகும். பல கட்டிகள் மறையவே மறையாது, வளர்வதை நிறுத்திக்கொள்ளும், அவ்வளவுதான். அதைத்தான் இந்தத் துறையில் வெற்றி என்கிறார்கள்.

கோபால்ட்-60 திருச்சிக்காரர்களுக்குப் புதிய பெயர் இல்லை. பெல் ஆலை இருக்கும் ஊரில், என்.டி.டி. (உடைக்காமல் சோதிக்கும்) கோர்ஸ் முடித்து வளைகுடாவுக்குப் போன பையன் ஒருவனாவது தெரியாத வீடு குறைவு. தடித்த எஃகில் போட்ட வெல்டிங்குக்குள் விரிசல் இருக்கிறதா என்று உடைக்காமல் பார்க்க, இரிடியம்-192, கோபால்ட்-60 போன்றவற்றின் காமா கதிரைத்தான் பாய்ச்சிப் படம் எடுக்கிறார்கள். அங்கே கதிர் கடந்து போய் ஃபிலிமில் விழ வேண்டும். இங்கே போகிற வழியில் ஆற்றலை விட்டுச்செல்ல வேண்டும். பொருள் ஒன்று, எதிர்பார்ப்பு வேறு. இரண்டிலும் கோபால்ட்டின் அரை ஆயுள் ஐந்தேகால் ஆண்டு. ஐந்து வருடம் பழகிய மூலம் பாதி வீரியத்தோடுதான் வேலை செய்யும். புதிதாக இருந்தபோது அரை மணி நேரம் பிடித்த சிகிச்சைக்கு இப்போது ஒரு மணி நேரம் ஆகும்.

இந்த யோசனை ஸ்வீடன் நாட்டு நரம்பு அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல்லுடையது. 1951-ல், தலையில் மாட்டும் ஒரு வளையத்தோடு எக்ஸ்ரே குழாயைப் பொருத்தி, கத்தி வைக்காமல் மூளையின் ஆழத்தைத் தொடலாம் என்று எழுதினார். பிறகு இயற்பியலாளர் பொர்யே லார்சனோடு சேர்ந்து உப்சாலாவில் புரோட்டான் கற்றையை முயன்றார். அது மருத்துவமனைக்குள் வைக்க முடியாத அளவுக்குப் பெரிய சங்கதி. கடைசியில் கோபால்ட்டுக்கு வந்து, 179 மூலங்கள் கொண்ட முதல் காமா கத்தியை 1968-ல் ஸ்டாக்ஹோமில் இயக்கினார். 1980களில் வேறு சிலர், புற்றுநோய்ப் பிரிவுகளில் இருந்த நேர்கோட்டு முடுக்கியையே, அதாவது லீனாக்கையே, நோயாளியைச் சுற்றிச் சுழலவிட்டு அதே வேலையைச் செய்தார்கள். லெக்செல்லிடம் சிறிது காலம் இருந்துவிட்டுப் போன ஜான் ஆட்லர், ஸ்டான்ஃபோர்டில் சின்ன லீனாக் ஒன்றை ரோபோ கையில் மாட்டினார், அது சைபர்நைஃப். இந்தியாவுக்குக் காமா கத்தி 1997-ல் வந்தது: மும்பையின் ஹிந்துஜா மருத்துவமனை, தில்லியின் எய்ம்ஸ். சென்னை அப்போலோவுக்கு 2009-ல் சைபர்நைஃப் வந்தது. லார்சன் விட்ட இடத்தைப் பிடித்ததுபோல 2019-ல் சென்னையில் புரோட்டான் மையமும் திறந்தாயிற்று.

தமிழ்நாட்டில் இதற்கான அடித்தளம் பழையது. வேலூர் சி.எம்.சி.யில் 1949-ல் ஜேக்கப் சாண்டி நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார், சீர்காழியில் பிறந்து திருச்சி ஈ.ஆர். உயர்நிலைப் பள்ளியில் படித்தவர் அவர். ராமமூர்த்தியும் அவருடைய சகாக்கள் வி. பாலசுப்பிரமணியமும் எஸ். கல்யாணராமனும் 1960களிலேயே தலையில் வளையம் மாட்டி, எண்களை வைத்து மூளையின் ஆழத்தில் உள்ள ஒரு புள்ளியை மெல்லிய ஊசியால் தொட்டார்கள். கதிர் அறுவை அதே வளையம்தான். ஊசியின் இடத்தில் கதிர்.

ஊசி பிடித்துப் பழகிய கைக்கு இங்கே வேலை இல்லை என்பதுதான் பயிற்சியின் முதல் சிக்கல். நரம்பு அறுவை படிக்க வரும் பி.ஜி. மாணவர் கையால் கற்றவர். ரத்தம் கசிந்தால் தெரியும், கட்டி கடினமா மிருதுவா என்று விரல் சொல்லும், தவறு நடந்தால் அந்த நிமிடமே கண்ணெதிரே நிற்கும். கதிர் அறுவையில் இவை எதுவும் கிடையாது. நோயாளி விழித்தபடி படுத்திருப்பார். வலி இல்லை, சத்தம் இல்லை. மாணவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார்.

வளையத்திலிருந்தே பார்ப்போம். மரத்துப்போகும் ஊசி போட்டு, நான்கு திருகாணிகளால் மண்டையோட்டில் இறுக்குகிறார்கள். லெக்செல் வளையத்தின் நடுப்புள்ளி 100, 100, 100. பூஜ்யம் நோயாளியின் வலப்பக்கம், மேலே, பின்னால் இருக்கிறது. எதிர்மறை எண்ணே வரக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. குறி தவறிப் போட வாய்ப்பில்லை. முதல் எண் 100-க்கு மேல் என்றால் இலக்கு இடப்பக்கம், கீழே என்றால் வலப்பக்கம். வலப்பக்கக் கட்டிக்குத் திரையில் 118 என்று வந்தால், கம்ப்யூட்டர் என்ன சொன்னாலும் கையைத் தூக்கி "நிறுத்துங்கள்" என்று சொல்லத் தெரிய வேண்டும். நல்ல ஆசிரியர்கள் மாணவரிடம் முதலில் கேட்பது இதைத்தான்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பது இன்னும் அழகு. ஸ்கேன் எடுக்கும்போது வளையத்தின்மேல் ஒரு பெட்டியை மாட்டுவார்கள். அதன் பக்கச் சுவரில் இரண்டு செங்குத்துக் கோடுகள், நடுவே ஒன்றின் உச்சியிலிருந்து மற்றதன் அடிக்கு இறங்கும் ஒரு சாய்வுக் கோடு. ஸ்கேனின் ஒவ்வொரு துண்டுப் படத்திலும் பக்கத்துக்கு மூன்று புள்ளிகள் தெரியும். ஓரப் புள்ளிகள் இரண்டும் நகராது. நடுப்புள்ளி மட்டும் படத்துக்குப் படம் இடம் மாறும். அது எந்த ஓரத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்தாலே, அந்தப் படம் தலையின் எந்த உயரத்தில் எடுத்தது என்று தெரிந்துவிடும். அளவுகோலைப் படத்துக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். எம்.ஆர்.ஐ.யில் காந்தப்புலம் காரணமாகப் படம் கொஞ்சம் வளைந்திருந்தால், அந்தப் புள்ளிகளும் வளைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

கருவி தானே சரியாகக் குறிபார்க்கிறதா? லீனாக்கில் இதற்கு ஒரு சோதனை உண்டு, வின்ஸ்டன்–லுட்ஸ் சோதனை என்று பெயர். கட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன உலோகக் குண்டை வைத்து, பல கோணங்களிலிருந்து கதிரைப் பாய்ச்சிப் படம் எடுப்பார்கள். ஒவ்வொரு படத்திலும் வெளிச்ச வட்டத்தின் நட்டநடுவே குண்டின் நிழல் விழ வேண்டும். ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் அன்றைக்கு நோயாளியை ஏற்றக்கூடாது. இது மருத்துவ இயற்பியலாளரின் வேலை, நமக்கென்ன என்று நரம்பு அறுவை மாணவர் ஒதுங்கிவிடுவதுண்டு. ஒதுங்கக்கூடாது. தன் கத்தி மழுங்கியிருக்கிறதா என்று தெரியாத அறுவை மருத்துவரை யாரும் ஒப்புக்கொள்வதில்லையே.

அடுத்து கான்டூர், அதாவது எல்லை வரைதல். ஒவ்வொரு துண்டுப் படத்திலும் கட்டியின் விளிம்பை மாணவர் சுட்டியால் வரைய வேண்டும். பார்க்கக் குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டைக் கட்டி. மாணவர் சுற்றிலும் ஒரே ஒரு மில்லிமீட்டர் தள்ளி வரைந்துவிட்டார். கன அளவு 33 சதவீதம் கூடிவிட்டது. கட்டி 10 மில்லிமீட்டர்தான் என்றால் அதே தவறு 73 சதவீதம். கூடுதலாக வரைந்தது அத்தனையும் நல்ல மூளை, அல்லது முகத்தை அசைக்கும் நரம்பு. உள்ளே தள்ளி வரைந்தால் கட்டியின் ஓரம் தப்பித்துக்கொண்டு மறுபடி வளரும். ஒரே படத்தை அனுபவசாலிகள் இரண்டு பேரிடம் கொடுத்தாலும் கோடுகள் அப்படியே ஒத்துப்போவதில்லை. இங்கேதான் நரம்பு அறுவை மருத்துவர் தேவைப்படுகிறார். தலையைத் திறந்து அந்த நரம்பைக் கண்ணால் பார்த்தவருக்குத்தான், படத்தில் தெரியாமல் அது எந்தப் பக்கமாக ஒளிந்திருக்கும் என்று ஊகிக்க முடியும்.

பிறகு கதிரளவு. செவி நரம்புக் கட்டியின் விளிம்புக்கு இன்று 12, 13 கிரே கொடுக்கிறார்கள். பார்வை நரம்புக்கு ஒரே தடவையில் ஏறக்குறைய 8, 10 கிரேக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். மாணவர்கள் இந்த எண்களை மனப்பாடம் செய்கிறார்கள். அவை எப்படி வந்தன என்பதைத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பேன். 12 என்ற எண்ணை யாரும் சூத்திரத்திலிருந்து வருவிக்கவில்லை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 1987 முதல் 1992 வரை செவி நரம்புக் கட்டிக்குச் சிகிச்சை பெற்ற 162 பேரை ஐந்து முதல் பத்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, 1998-ல் முடிவை வெளியிட்டார்கள். அன்று விளிம்புக்குக் கொடுத்த சராசரி 16 கிரே. கட்டி அடங்கியதில் பிரச்சினை இல்லை. 98 சதவீதம் பேருக்கு அதற்கப்புறம் கட்டியை வெட்டி எடுக்க வேண்டிவரவில்லை. ஆனால் முகத்தின் அசைவு இயல்பாக நிலைத்தது 79 சதவீதம் பேருக்குத்தான். இந்த முடிவு வெளிவருவதற்குள்ளாகவே அளவைக் குறைக்கத் தொடங்கியிருந்தார்கள். குறைத்த பிறகும் கட்டி அடங்கியது. முக வாதம் அரிதாகிவிட்டது. அன்றைய நோயாளிகளின் கோணிய முகங்கள் கற்றுக்கொடுத்த எண் இது. பத்து வருடம் பொறுமையாக ஃபாலோ-அப் செய்திராவிட்டால் கிடைத்திருக்காது.

பயிற்சியின் ஆணிவேரான சிக்கல் இந்தப் பத்து வருடத்தில் இருக்கிறது. இந்தியாவில் எம்.எஸ். முடித்தவருக்கு எம்.சிஎச். நரம்பு அறுவை மூன்று ஆண்டு. மூளையில் தமனியும் சிரையும் நேரடியாகப் பின்னிக்கொண்ட ஏ.வி.எம். என்ற குறைபாட்டுக்குக் கதிர் கொடுத்தால், ரத்தக்குழாய்ச் சுவர் உள்பக்கமாகத் தடித்து மெல்ல அடைபட இரண்டு மூன்று ஆண்டு ஆகும். அதுவரை ரத்தம் கசியும் ஆபத்து அப்படியே இருக்கும். மாணவர் முதலாண்டிலேயே திட்டம் போட்டிருந்தாலும், அது பலித்ததா என்று தெரிவதற்குள் பட்டம் வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடுவார். செவி நரம்புக் கட்டி என்றால் கேட்கவே வேண்டாம். கத்தி பிடிக்கும் அறுவையில் தப்புக்கு அடுத்த நாளே விடை கிடைக்கும். இங்கே தேர்வு எழுதுவது ஒருவர், ரிசல்ட் பார்ப்பது வேறொருவர். லாக் புக்கில் "பார்த்தேன்: 20 கேஸ்" என்று எழுதுவதில் எந்தப் பயனும் இல்லை, பார்த்தது திரையை, விளைவை அல்ல.

இதற்கு ஒரு வழி கையிலேயே இருக்கிறது. கதிர் அறுவையின் ஒவ்வொரு திட்டமும் கம்ப்யூட்டரில் அப்படியே சேமிக்கப்பட்டிருக்கிறது: எந்தக் கோடு, எந்தக் கற்றை, எத்தனை கிரே என்று எல்லாமே. கத்தி பிடிக்கும் அறுவையில் இவ்வளவு வசதி அரிது. எட்டு வருடத்துக்கு முந்தைய நோயாளியின் படத்தை, பெயரை நீக்கிவிட்டு, மாணவரிடம் கொடுத்து "நீ திட்டம் போடு" என்று சொல்லலாம். போட்டு முடித்த பிறகு அன்றைக்கு உண்மையில் கொடுத்த திட்டத்தையும், அதன்பின் வருடா வருடம் எடுத்த ஸ்கேனையும் காட்டலாம். எட்டு வருட அனுபவம் ஒரு மத்தியானத்தில் கிடைக்கும். கருவி இல்லாத கல்லூரியிலும் இதைச் செய்யலாம்.

நம் ஊர் மாணவருக்கு இன்னொரு பாடமும் வேண்டும். அது வெளிநாட்டுப் பாடநூலில் ஓரமாகத்தான் இருக்கும். ஸ்கேனில் வளையமாக ஒளிரும் சிறு புள்ளி. மேற்கில் நடுவயதுக்காரரிடம் அதைக் கண்டால் வேறெங்கோ இருந்து பரவிய புற்றுநோய் என்றுதான் முதலில் சந்தேகிப்பார்கள். அதற்குக் கதிர் அறுவை நல்ல சிகிச்சை. இங்கே அது காசநோய்க் கட்டியாக இருக்கலாம், பன்றி நாடாப்புழுவின் இளம் பருவமாகவும் இருக்கலாம். 1980களில் வலிப்போடு வந்தவர்களிடம் இந்தப் புள்ளி தெரிந்தால் காசநோய் என்றே மாதக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் அந்தப் புள்ளிகளை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை புழுதான். 20 மில்லிமீட்டருக்குக் குறைவு, மூளையின் நடுக்கோடு நகரவில்லை என்பது போன்ற அடையாளங்களை வைத்துப் புழுவையும் காசத்தையும் பிரிக்கலாம் என்று 1993-ல் எழுதினார்கள். இந்தப் புழுப் புள்ளிகளில் பல தாமாகவே கரைந்துவிடும். அதற்குப் போய்க் கதிர் கொடுத்தால், கரைந்ததும் நாம் குணப்படுத்திவிட்டோம் என்று பெருமைப்பட்டுக்கொள்வோம். தவறு செய்தது கடைசிவரை தெரியாது. யாருக்குக் கதிர் வேண்டாம் என்று சொல்லத் தெரிவது, திட்டம் போடுவதைவிடக் கடினமான பாடம்.

கருவி இருக்கும் ஊரில் வேலை பார்க்கப்போகிறவருக்கு மட்டும் இந்தப் பயிற்சி போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. என் கருத்து நேரெதிர். திருச்சியிலிருந்து மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னையில் கதிர் அறுவை செய்துகொண்டு வருகிறவர், ஆறு மாதத்தில் ஸ்கேன் எடுப்பது தில்லைநகரில்தான். செவி நரம்புக் கட்டிக்குக் கதிர் கொடுத்து ஆறு முதல் பதினெட்டு மாதத்துக்குள் கட்டி தற்காலிகமாக வீங்குவது சகஜம். உள்ளே உயிரணுக்கள் சாவதால் வரும் வீக்கம் அது, பிறகு சுருங்கும். இது தெரியாத மருத்துவர் ரிப்போர்ட்டில் "கட்டி வளர்ந்திருக்கிறது" என்று படித்ததும், தேவையே இல்லாமல் தலையைத் திறக்கச் சொல்லிவிட வாய்ப்பிருக்கிறது. கதிர் கொடுப்பது ஒரு நாள் வேலை. அதன் விளைவை ஸ்கேனில் படிக்கத் தெரிந்தவர் பத்து வருடம் அதே ஊரில் இருக்க வேண்டும். எம்.டி., எம்.எஸ். மாணவர்களை மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பும் விதி இப்போது இருக்கிறது. அதே மாதிரி, கருவி இல்லாத கல்லூரியின் எம்.சிஎச். மாணவரைக் கருவி உள்ள மையத்துக்கு அனுப்புவதைக் கட்டாயமாக்கலாம். அங்கே அவர் சிகிச்சை அறையில் செலவிடும் நேரத்தைவிட ஃபாலோ-அப் ஓ.பி.யில் அதிக நேரம் உட்கார வேண்டும்.

உங்கள் வீட்டில் யாராவது கதிர் அறுவை செய்துகொண்டிருந்தால், சிகிச்சைக்கு முன் எடுத்த எம்.ஆர்.ஐ. சி.டி.யையும், எந்த இடத்துக்கு எத்தனை கிரே கொடுத்தார்கள் என்ற திட்டத் தாளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் அவற்றை எடுத்துக்கொண்டு போங்கள். கட்டி வளர்ந்திருக்கிறது என்று யாராவது சொன்னால், வேறு முடிவு எடுப்பதற்கு முன் கதிர் கொடுத்த மருத்துவரிடம் அந்தப் படத்தை ஒருமுறை காட்டிவிடுங்கள்.